மலையேறும் முன்பே நேரம் சொல்லும் கடிகாரம்: ஐந்து மாதம் கட்டிப் பார்த்த பிறகு

கடந்த டிசம்பர் தொடக்கத்தில் ஓசூரில் ஒரு கடையில் 16,500 ரூபாய் கொடுத்து, மலையேறுபவர்களுக்கென்று விற்கப்படும் ஸ்மார்ட் வாட்ச் ஒன்றை வாங்கினேன். அதில் ஜிபிஎஸ் இருக்கிறது. காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தை அளக்கும் கருவி இருக்கிறது. மணிக்கட்டில் இதயத் துடிப்பை எடுக்கும் பச்சை விளக்கும் இருக்கிறது. இவற்றைவிட என்னை ஈர்த்தது அதனுடன் வரும் செயலிதான். போக வேண்டிய பாதையைக் கைப்பேசியில் வரைந்து கொடுத்தால், எவ்வளவு நேரம் ஆகும், எத்தனை கலோரி செலவாகும் என்று கிளம்புவதற்கு முன்பே அது சொல்லிவிடும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. நண்பர்களிடம் வாங்கிக் கட்டிப் பார்த்த இதே விலையிலான வேறு இரண்டு கடிகாரங்களும் ஏறத்தாழ இதே விதமாகத்தான் கணக்கிட்டன. ஆகவே இந்த மதிப்புரை ஒரு கடிகாரத்தைப் பற்றியது என்பதைவிட, இந்த வகைக் கருவிகள் தரும் இரண்டு எண்களைப் பற்றியது என்று கொள்வது சரியாக இருக்கும்.

அந்த இரண்டு எண்களில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்பதைச் சொல்லியாக வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜனவரி மாதத்தில், தருமபுரிப் பக்கம் ஒரு மலைக்கு என் சித்தப்பாவை அழைத்துச் சென்றேன். கைப்பேசியில் இருந்த ஒரு செயலி ஏறி இறங்க மூன்று மணி நேரம் என்று சொன்னதை அப்படியே நம்பி, மதியம் இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். உச்சியை அடைந்தபோதே நான்கரை மணி தாண்டிவிட்டது. இறங்கும்போது சித்தப்பாவின் முழங்கால் பிடித்துக்கொண்டது; ஆறரை மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது; கைப்பேசியின் டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு கல்லாகக் காட்டிக்கொண்டே அவரை இறக்கிக் கொண்டுவந்தபோது மணி ஏழே முக்கால். வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த சித்தி என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அவருடைய அந்த மௌனத்துக்குப் பிறகு, நேரக் கணக்கு என்பது எனக்கு வெறும் வசதிக்கான தகவலாக இல்லை.

கடிகாரத்தைச் சோதிக்க நான் தேர்ந்தெடுத்தது எங்கள் ஊர் மலையையே. கிருஷ்ணகிரி நகரை ஒட்டி நிற்கும் சையத் பாஷா மலையில் கோட்டையும் உச்சியில் தர்காவும் இருக்கின்றன. வழி நெடுகப் படிகளும் வழுக்குப் பாறையும் மாறி மாறி வரும். 1791 நவம்பரில், மூன்றாம் மைசூர்ப் போரின்போது, மாக்ஸ்வெல் தலைமையில் வந்த ஆங்கிலேயப் படை கீழ்க்கோட்டையைப் பிடித்தும் மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பிய மலை இது. கீழிருந்து பார்க்கும்போது கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிற உச்சி, ஏறத் தொடங்கியதும் விலகிப் போய்க்கொண்டே இருக்கும். நேரக் கணக்கைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான மலை எனக்குத் தோன்றவில்லை.

டிசம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே கால் மணிக்குத் தனியாக ஏறத் தொடங்கினேன். என் எடை 72 கிலோ. முதுகுப் பையில் தண்ணீரும் உணவுமாக 6 கிலோ. முந்தைய நாள் இரவு செயலியில் பாதையை வரைந்தபோது, உச்சிக்கு 29 நிமிடம் என்று காட்டியது. அடிவாரத்தில் கடிகாரத்தை இயக்கி நடந்த முதல் சில நிமிடங்களில், அது ‘இன்னும் 19 நிமிடம்’ என்றது. செங்குத்தான படிகள் தொடங்கியதும் எண் 26 ஆயிற்று. பாறையில் செதுக்கிய படிகளில் கால் வைக்கும்போது 38 ஆயிற்று. நான் முன்னேற முன்னேற உச்சி இன்னும் தூரமாகிக்கொண்டிருப்பதாக அந்தக் கருவி சொல்லிக்கொண்டிருந்தது. உண்மையில் நான் நடந்த நேரம் 44 நிமிடம். நின்று மூச்சு வாங்கியதும் உட்கார்ந்ததும் 14 நிமிடம். ஆக மொத்தம் 58 நிமிடம். முந்தைய இரவு சொன்ன கணக்கைப் போல் சரியாக இரண்டு மடங்கு.

இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது அவசியம். நடந்துகொண்டிருக்கும்போது கடிகாரம் காட்டும் மீதி நேரம், மீதமுள்ள தூரத்தைச் சற்று முன் நடந்த வேகத்தால் வகுத்து வருவது. முன்னால் ஏற்றம் இருக்கிறதா, இறக்கமா என்பது அந்த வகுத்தலுக்குத் தெரியாது. அடிவாரத்தில் சமதளம் இருக்கிற மலைகள் அனைத்திலும் அது தொடக்கத்தில் குறைத்துத்தான் சொல்லும். கிளம்புவதற்கு முன் செயலி போடும் கணக்கில் உயரமும் சேர்கிறது என்றாலும், அந்த உயரம் 2000ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து ரேடார் மூலம் எடுக்கப்பட்டது போன்ற உயர அட்டவணைகளிலிருந்து வருவது. ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு கட்டம் என்ற அளவில் தரையின் உயரத்தைச் சொல்லும் அட்டவணை, நம்முடைய மாவட்டங்களில் இருக்கும் ஒற்றைக் கருங்கல் குன்றுகளின் கூர்மையை மழுக்கிவிடுகிறது. கடிகாரத்தின் காற்றழுத்தக் கருவி ஏறும்போது பதிந்த உயரம் 240 மீட்டர். செயலி முன்கூட்டிச் சொன்னது 196 மீட்டர். தூரத்திலும் அவ்வாறே: நான் விரலால் வரைந்த கோட்டைவிட உண்மையான வழி வளைந்து வளைந்து செல்வதால், 1.3 கிலோமீட்டர் என்றது நடந்து முடிந்தபோது 1.5 ஆகியிருந்தது.

இதே மலைக்குக் கையால் கணக்குப் போட்டால் என்ன வரும்? வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் எழுதிவைத்த விதி ஒன்று உண்டு: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அத்துடன் ஏறுகிற ஒவ்வோர் இரண்டாயிரம் அடிக்கும் மேலும் ஒரு மணி நேரம். இப்போது அதை 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி என்று எடுத்துக்கொள்கிறார்கள். 1.5 கிலோமீட்டருக்கு 18 நிமிடம், 240 மீட்டருக்கு 24 நிமிடம், மொத்தம் 42. நான் நடந்ததோ 44. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய, பென்சிலால் போடும் ஒரு கணக்கு இவ்வளவு நெருங்கி வந்ததைக் கண்டு நான் உச்சியில் உட்கார்ந்து அதை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். இந்த விதியில் ஓய்வுக்கு இடமில்லை. அதை நாமாகவே சேர்க்க வேண்டும். புவியியலாளர் வால்டோ டோப்ளர் 1993இல் வெளியிட்ட சூத்திரத்தையும் போட்டுப் பார்த்தேன். சரிவு கூடக் கூட வேகம் எப்படிக் குறைகிறது என்று சொல்லும் அந்தச் சூத்திரம் 31 நிமிடம் தந்தது. ஒழுங்கான தடத்தில் இயல்பாக நடப்பவருக்கு அது பொருந்தும். ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம் இருக்கிற கோட்டைப் பாதைக்கு நெய்ஸ்மித்தே நெருக்கம். செயலி தந்த 29, டோப்ளரின் கணக்கைப் போன்ற ஒன்றைத் தன்னுடைய குறைந்த உயரத்துக்குப் போட்டதால் வந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

இறங்கும் நேரத்தைப் பற்றி இந்தச் செயலி கொண்டிருக்கும் நம்பிக்கை இன்னும் தவறானது. இறக்கம் என்றால் வேகம் என்று அது எடுத்துக்கொள்கிறது. மென்மையான சரிவில் அது உண்மைதான். ஆனால் 12 பாகைக்கு மேல் செங்குத்தாகிவிட்டால், ஒவ்வொரு 300 மீட்டர் இறக்கத்துக்கும் 10 நிமிடம் கூட்ட வேண்டும் என்பது லாங்முயர் என்பவர் நெய்ஸ்மித் விதிக்குச் செய்த திருத்தம். இறக்கம் முழுவதையும் செங்குத்து என்று வைத்தால் அதன்படி எனக்கு 26 நிமிடம் வந்தது, செயலி சொன்னது 15, ஆனதோ 33. பனி ஈரம் காயாத வழுக்குப் பாறையில் குதிகாலை ஊன்றி இறங்குகிற ஒருவரால் அதைவிட வேகமாக இறங்க முடியாது, இறங்கவும் கூடாது. சித்தப்பாவின் முழங்கால் பிடித்துக்கொண்டதும் ஏறும்போதன்று, இறங்கும்போதுதான்.

கடிகாரத்தில் உண்மையாகவே பாராட்டத்தக்கது அதன் உயரமானி. ஐந்து முறை அதே மலையில் ஏறியபோதும் 236க்கும் 243க்கும் இடையிலேயே காட்டியது. காற்றழுத்தக் கருவி இல்லாத என் கைப்பேசியோ, ஜிபிஎஸ் தடுமாற்றத்தையெல்லாம் ஏற்றமாகக் கூட்டிக்கொண்டு ஒருநாள் 310 மீட்டர் என்றுகூடச் சொன்னது. ஆனால் உயரமானியைப் பயன்படுத்துபவர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். நம்முடைய வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தம் ஒவ்வொரு நாளும் காலை பத்து மணி வாக்கில் உச்சத்துக்கும் மாலை நான்கு மணி வாக்கில் தாழ்வுக்கும் போகும். வித்தியாசம் மூன்று, நான்கு மில்லிபார் இருக்கும். ஒரு மில்லிபார் குறைந்தால் கருவி ஏறத்தாழ ஒன்பது மீட்டர் மேலே போய்விட்டதாக நினைத்துக்கொள்ளும். ஒரு விடுமுறை நாளில் வீட்டு மேசையில் கடிகாரத்தை வைத்துவிட்டுக் காலையிலும் மாலையிலும் பார்த்தேன்: அசையாத மேசையில் அது 31 மீட்டர் ‘ஏறி’யிருந்தது. குறுகிய ஏற்றத்துக்கு இது பெரிய பிழையன்று. ஆனால் முழு நாள் நடைக்குக் கிளம்புபவர்கள், உயரம் தெரிந்த ஓர் இடத்தில் நின்று, நடுவில் ஒருமுறையாவது சரிசெய்துகொள்ள வேண்டும். அதற்கான பட்டியை (மெனுவை) இந்தக் கடிகாரத்தில் நான்கு அடுக்குகளுக்குள் ஒளித்து வைத்திருப்பது நியாயமில்லை.

அடுத்தது ஆற்றல். இங்கேதான் கடிகாரம் என்னை மிகவும் ஏமாற்றியது. டிசம்பர் காலையில் ஏறி முடித்தபோது அது காட்டியது 338 கலோரி (உணவுப் பொட்டலங்களில் போடும் அதே கிலோகலோரிதான்). ஏப்ரல் மாதம், அதே மலை, அதே பாதை, அதே 6 கிலோ பை. வேண்டுமென்றே காலை பத்து மணிக்கு ஏறினேன். கடிகாரம் 476 என்றது. ஒரே எடையை ஒரே உயரத்துக்குத் தூக்கிய வேலைக்கு இரண்டு கணக்குகள் எப்படி இருக்க முடியும்?

அடிப்படைக் கணக்கு எளியது. என்னையும் பையையும் சேர்த்து 78 கிலோவை 240 மீட்டர் உயர்த்தும் வேலை ஏறத்தாழ 183 கிலோஜூல், அதாவது 44 கலோரி. மனிதத் தசை தான் எரிப்பதில் நான்கில் ஒரு பங்கைத்தான் இப்படி வேலையாக மாற்றும் என்பதால், அதற்கு ஏறத்தாழ 175 கலோரி செலவாகும். ஒன்றரை கிலோமீட்டர் முன்னோக்கி நடந்ததற்கு ஏறத்தாழ 58. சும்மா இருந்தாலும் உடல் எரித்துக்கொண்டிருக்கும் பங்கு 58 நிமிடத்துக்கு ஏறத்தாழ 70. மொத்தம் 300ஐ ஒட்டி வருகிறது. அமெரிக்க ராணுவ ஆய்வகத்தைச் சேர்ந்த பண்டால்ஃபும் அவருடன் பணியாற்றியவர்களும், சுமையோடு நடக்கும் படைவீரர்களுக்காக 1977இல் உருவாக்கிய சமன்பாடு ஒன்று இருக்கிறது. உடல் எடை, சுமை, வேகம், சரிவு, தரையின் தன்மை என்று ஐந்தையும் அது கேட்கிறது. லேசான புதர்த் தரைக்கு உரிய 1.2 என்ற காரணியை வைத்துப் போட்டால், நடந்த 44 நிமிடத்துக்கு மட்டும் 285 வருகிறது. உட்கார்ந்திருந்த நேரத்தையும் சேர்த்தால் அதுவும் 300க்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. தனித்தனி வழிகளில் போட்ட இரண்டு கணக்குகள் ஒத்துப்போவது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆகவே டிசம்பரில் கடிகாரம் சற்றுக் கூட்டிச் சொன்னது. ஏப்ரலில் ஒன்றரை மடங்குக்கும் மேலாகச் சொன்னது. காரணம், அது ஆற்றலை அளப்பதில்லை. இதயத் துடிப்பை எண்ணி, அதிலிருந்து ஆற்றலை ஊகிக்கிறது. வெயிலில் இதயம் தசைக்காக மட்டும் துடிப்பதில்லை. தோலுக்கு இரத்தத்தை அனுப்பி உடலைக் குளிர்விக்கவும் துடிக்கிறது. வியர்வையில் நீர் இறங்க இறங்க, அதே வேலைக்குத் துடிப்பு மேலும் கூடுகிறது. அந்தக் கூடுதலை எல்லாம் கருவி உழைப்பு என்று எழுதிக்கொள்கிறது. மேலும், முதுகில் இருக்கும் சுமையைச் சொல்வதற்கு இந்தச் செயலியில் இடமே இல்லை. மலையேறுபவர்களுக்கென்று விற்கும் ஒரு கருவி, பையின் எடையைக் கேட்காமல் விட்டிருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இது வெறும் எண் விவகாரம் அன்று. 300 கலோரி என்பது, ஏறத்தாழ 90 கிராம் கேழ்வரகு மாவில் கிண்டிய ஓர் உருண்டைக் களி. அல்லது ஒரு கை அகலக் கடலை மிட்டாய் 60 கிராம். காலையில் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டுவிட்டு வருபவருக்கு இந்த மலையில் வழியில் எதுவும் தேவையில்லை. ஆனால் ஏப்ரல் மாதத்து எண்ணைப் பார்ப்பவர், சாப்பாட்டைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டு தண்ணீரைக் குறைத்துவிடக்கூடும். உண்மையில் அன்று கூடியது தண்ணீர்த் தேவைதான். இரண்டு நாளும் கிளம்பும் முன்பும் திரும்பிய பின்பும் வீட்டில் எடை பார்த்தேன். டிசம்பரில் அரை லிட்டர் குடித்தும் 400 கிராம் குறைந்திருந்தேன். ஏப்ரலில் ஒன்றரை லிட்டர் குடித்தும் 1.1 கிலோ குறைந்திருந்தேன். அதாவது 900 மில்லிலிட்டராக இருந்த இழப்பு 2.6 லிட்டராகிவிட்டது. மூன்று மடங்கு கூடிய இந்த எண்ணைக் கடிகாரம் எங்கேயும் சொல்லவில்லை. அன்று காலை அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர்தான் சொன்னார்: “வெயில் ஏறறதுக்குள்ள எறங்கிடுங்க சார், பாறை கொதிக்கும்.” உச்சிக்கு முன்னால் இருக்கும் வெறும் பாறையில் கையை ஊன்றி ஏற வேண்டிய இடத்தில், கையை வைத்த உடனே எடுக்க வேண்டியிருந்தது.

பிப்ரவரியில் அரூர் வட்டத்துத் தீர்த்தமலைக்கு ஒன்பது பேராகப் போனோம். எட்டு வயதுச் சிறுமியிலிருந்து அறுபத்து மூன்று வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் வரை அதில் இருந்தார்கள். செயலி 31 நிமிடம் என்றது. நெய்ஸ்மித் கணக்கு 38 நிமிடம் என்றது. மேல்கோவிலில் ஒன்பதாவது ஆள் வந்து சேர்ந்தபோது 1 மணி 25 நிமிடம் ஆகியிருந்தது. யாரும் சோம்பேறித்தனம் செய்யவில்லை. குரங்குகளிடமிருந்து பைகளைக் காப்பாற்றவும், செருப்பு அறுந்ததைக் கட்டவும், ஆசிரியர் ஐயா ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து எழவும் ஆன நேரம் அது. குழுவின் நேரம் என்பது அதன் கடைசி ஆளின் நேரம்தான். இந்தக் கடிகாரமோ கட்டியிருக்கும் ஒருவரை மட்டுமே அறியும். என் பழைய நடைகளைப் பார்த்து என் வேகத்தை அது கற்றுக்கொள்வது, தனியாகப் போகும்போது நல்லது. பிறரை அழைத்துப் போகும்போது அதுவே ஆபத்து. அன்று ராமர் தீர்த்தத்தில் தலை நனைத்துவிட்டு வந்து உட்கார்ந்ததும், 85ஐ 38ஆல் வகுத்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்: இரண்டேகால். இந்தக் குழுவுக்கு நெய்ஸ்மித் கணக்கைப் பெருக்க வேண்டிய காரணி அதுதான். தனியாக ஏறும்போது, ஓய்வும் சேர்த்து என் காரணி ஏறத்தாழ 1.4.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜிபிஎஸ் ஓடும்போது சார்ஜ் பதினோரு மணி நேரம் நிற்கிறது. ஒரு நாள் நடைக்குப் போதும். வெயிலில் திரை தெளிவாகத் தெரிகிறது. வியர்வையில் பட்டை அரிக்கிறது. துணிப் பட்டை தனியாக 700 ரூபாய் ஆயிற்று. செயலியில் தமிழ் இல்லை. திரும்பி வர வேண்டிய நேரத்துக்கு மணி அடிக்கும் வசதி இருக்கிறது. இந்தக் கடிகாரத்தில் நான் அதிகம் பயன்படுத்துவது அதைத்தான்.

யார் வாங்கலாம்? மாதம் ஒருமுறையாவது மலைக்குப் போய், தன் நடையைத் தானே பதிந்து, தன் காரணியைக் கண்டுபிடிக்க விரும்புபவருக்கு, அளக்கும் கருவி என்ற வகையில் இது கொடுத்த காசுக்குத் தகும். அது முன்கூட்டிச் சொல்லும் நேரத்தை நம்பித் திட்டமிடுவதற்காக வாங்க வேண்டாம். அதற்கு 1:50,000 அளவுள்ள இந்திய நில அளவைத் துறையின் வரைபடமும் ஒரு பென்சிலும் போதும். அதில் உயரக் கோடு ஒன்றுக்கு 20 மீட்டர், எனவே பன்னிரண்டு கோடுகளைத் தாண்டினால் 240 மீட்டர் ஏறியதாகக் கணக்கு. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகளுக்குப் போக நினைப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனத்தோடு இருக்க வேண்டும். அங்கே வனத்துறை அனுமதியில்லாமல் நுழையக் கூடாது; அனுமதி பெற்றுப் போனாலும், யானை நடமாடும் வழியில் அந்தி சாயும் நேரத்தில் நிற்கக் கூடாது. அரை மணி நேரக் கணக்குப் பிழை அங்கே சிறிய பிழையன்று.

ஆடி மாதம் மறுபடியும் தீர்த்தமலைக்குப் போகிறோம். குறிப்பேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: புறப்பாடு காலை 6.00, மேல்கோவில் 7.25, 8.45க்கு யார் எங்கே இருந்தாலும் இறக்கம் தொடங்கும். மணி அடிக்க வேண்டிய நேரத்தையும் கடிகாரத்தில் வைத்துவிட்டேன். இந்த முறை சித்தப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார். சித்தியும் சரி என்றிருக்கிறார். அவருடைய இரண்டு லிட்டர் தண்ணீரையும் என் பையிலேயே வைத்துக்கொள்ளப் போகிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்த இரண்டு கிலோவை மேல்கோவில்வரை தூக்கிக்கொண்டு போக எனக்குக் கூடுதலாகப் பத்துக் கலோரிகூடச் செலவாகாது.